தோட்டா வார்க்கலாமா? ஒரு வரவு செலவுக் கணக்கு

உத்திரமேரூர் பக்கத்து ஏரிகளில் வீச்சு வலை வீசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வலையின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன ஈயக்குண்டுகள் கோர்த்திருக்கும். அந்தக் கனம் இல்லாவிட்டால் வலை சீக்கிரம் அடிக்குப் போகாது, மீன் தப்பித்துவிடும். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் குண்டு ரெடி. 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகம் என்பதால் விறகடுப்பே போதும்.

இதே வேலையை அமெரிக்காவில் பலர் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். வலைக்கு இல்லை, ரிவால்வருக்கு! சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தலையில் பொருத்தும் ஈயக் குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள்.

அதற்கான அச்சைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தனிக்கலை. அலுமினிய அச்சு விலை குறைவு, சீக்கிரம் சூடேறும், ஆனால் சீக்கிரம் தேயும். இரும்பு அச்சு கனம், துருப்பிடிக்கும், பராமரித்தால் பல காலம் உழைக்கும். பித்தளை அச்சின் விலை அதிகம். ஒரு குழி அச்சா, ஆறு குழி அச்சா என்பது அடுத்த கேள்வி. அச்சு சூடாகாமல் ஊற்றினால் குண்டின் மேல் சுருக்கம் விழும். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போய்விட்டால் அது நொடியில் ஆவியாகி, ஈயம் முகத்தில் தெறிக்கும்.

சரி, இங்கே ரிவால்வர் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருவர் இதைச் செய்தால் என்ன? காமர்ஸ் படிப்பவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது 'செய்வதா, வாங்குவதா' என்ற பாடம்தான். .32 ரிவால்வர் குண்டு ஒன்றின் எடை சுமார் 6 கிராம். ஒரு கிலோ ஈயத்தில் 150 குண்டுக்கு மேல் வரும். பழைய ஈயத்தைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்கலாம். அச்சுக்கு ஒருமுறை செலவு. தாளில் போட்டுப் பார்த்தால் லாபம் மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் அந்தத் தாளில் பாதிச் செலவு எழுதப்படவே இல்லை!

முதல் செலவு, சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்ற சொல்லுக்குள் முழுத் தோட்டா மட்டுமல்ல, அதன் பாகங்களும் அதைத் தயாரிக்கும் கருவிகளும் அடங்கும். துப்பாக்கி வைத்திருக்க வாங்கிய லைசென்ஸ் வேறு, தயாரிக்க வாங்கும் லைசென்ஸ் வேறு. இரண்டாவது இல்லாமல் தயாரித்தால், 2019இல் செய்த திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். சில ரூபாய் மிச்சம் பிடிக்க இது தேவையா?

"சட்டம் ரொம்பக் கடுமை, அமெரிக்காவில் விடுகிறார்களே" என்று வாதாடலாம். வாதத்துக்காகச் சட்டம் அனுமதிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது செலவு அப்போதும் போகாது. அது ஈயம்.

உருகிய ஈயத்தின் மேல் படியும் கசடை வழிக்கும்போது நுண்ணிய தூசி பறக்கும். அது கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், வீட்டுக்குள் வரும். ஈயம் ரத்தத்தில் இந்த அளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை. மிச்சம் பிடித்தவர் அப்பா, கட்டணம் கட்டுவது பிள்ளை!

பறவைகளும் கட்டுகின்றன. வாத்துகள் தானியத்தை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும். நீர்நிலையின் அடியில் கிடக்கும் ஈயக் குண்டையும் கல் என்று நினைத்து விழுங்கிச் சாகும். இதனால்தான் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டை அமெரிக்கா 1991இல் நாடு முழுக்கத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீர்நிலைப் பகுதிகளில் 2023 முதல் அதே தடை.

பறவைகளைக் கணக்கில் சேர்ப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் பக்கம் போனால் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்க எழுத்தில் உரிமை வாங்கினார்கள். காரணம் இரக்கம் மட்டுமல்ல. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவையை வரவுப் பக்கத்தில் எழுதிய விவசாயிகள் அவர்கள்!

எனவே தோட்டா வார்ப்பு இங்கே வேண்டாம். போலீஸ் பிடிக்கும் என்பதற்காக மட்டுமல்ல, கணக்கே உதைக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டா தெரிகிறது, வலைக் குண்டுக்காக உருக்கும் ஈயம் தெரிவதில்லை. ஏரியில் அறுந்து விழும் குண்டும் ஈயம்தான். மீன் பிடிப்பவரைக் குற்றவாளி ஆக்குவது தீர்வல்ல. வலைக்கு ஈயத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலி கோர்க்க மீன்வளத் துறை உதவலாம். அதுவரை ஈயம் உருக்குபவர் சமையல் பாத்திரத்தைத் தொடாமல், குழந்தைகளைத் தள்ளி நிறுத்தி, திறந்த வெளியில் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவினாலே பாதி ஆபத்து குறையும். பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்.

உத்திரமேரூர் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை என்றதும் எல்லோரும் தேர்தலைப் பற்றியே பேசுகிறார்கள். அதில் ஏரி வாரியம் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்ற விதியும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரிக்கும் கணக்குக்கும் இவ்வளவு மரியாதை கொடுத்த ஊர்!

அந்த ஊரில் ஒரு கிலோ ஈயத்தை உருக்கும் முன்பு, இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பதுதானே நியாயம்?