இலவசக் கணிப்பு எதற்காக?

கேள்வி: “என் தம்பி டெலிகிராமில் ஒரு கிரிக்கெட் குழுவில் சேர்ந்திருக்கிறான். எந்த அணி ஜெயிக்கும் என்று இலவசமாகச் சொன்னார்கள். தொடர்ந்து ஐந்து போட்டிகளில் அப்படியே பலித்தது. இப்போது ‘வி.ஐ.பி’ குழுவில் சேர மாதம் 3,000 ரூபாய் கேட்கிறார்கள். கடலை விற்ற பணத்திலிருந்து தரும்படி கேட்கிறான். ஐந்து முறையும் சரியாகச் சொன்னவர்களை நம்பலாம்தானே?”

- வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: நம்ப வேண்டாம். கிரிக்கெட்டே தெரியாதவர்கூட ஐந்து முறை சரியாகச் சொல்ல முடியும்.

ஒருவர் 32 குழுக்களைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 50 பேர். முதல் போட்டிக்கு 16 குழுக்களில் ஓர் அணியின் பெயரையும், மீதி 16 குழுக்களில் எதிரணியின் பெயரையும் சொல்கிறார். எது ஜெயித்தாலும் 16 குழுக்களுக்கு அவர் சொன்னது சரி. தவறிய குழுக்களைக் கலைத்துவிடுகிறார். அடுத்தடுத்த போட்டிகளில் 8, 4, 2 என்று குறைந்து, ஐந்தாவது போட்டி முடிந்ததும் ஒரு குழு மிஞ்சும். அதிலுள்ள 50 பேருக்கும் அவர் ஐந்துக்கு ஐந்து சொன்னவர். அந்த 50 பேரும் 3,000 ரூபாய் கட்டினால் 1,50,000 ரூபாய்.

இவ்வளவு மெனக்கெடாமலும் ஏமாற்றலாம். தவறிய கணிப்பை அழித்துவிட்டு, பலித்ததை மட்டும் விட்டுவைத்தால் போதும். முளைப்புத் திறன் பார்க்க 100 விதைகளை ஈரச்சாக்கில் போட்டவர், முளைக்காததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ‘எல்லாமே முளைத்துவிட்டது’ என்று காட்டினால் அந்த விதையை வாங்குவீர்களா?

சரி, உண்மையாகவே கணிக்கத் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்வோம். சம பலமுள்ள அணிகள் மோதும்போது, 100 ரூபாய் கட்டி ஜெயித்தவருக்குப் பந்தய நிறுவனம் 200 தராது. சுமார் 190தான் தரும். மீதி அதன் பங்கு. மாதம் 20 போட்டிகளுக்கு 500 ரூபாய் வீதம் கட்டினால், ஜெயித்தால் 450 லாபம், தோற்றால் 500 நஷ்டம். 12 போட்டிகள் பலித்தால் நிகர லாபம் 1,400 ரூபாய். கட்டணம் 3,000 போனால் 1,600 ரூபாய் நஷ்டம். இருபதில் 14 பலித்தால்தான் கையில் 300 ரூபாய் நிற்கும். அப்படிக் கணிக்கத் தெரிந்தவர், தானே பணம் கட்டாமல் ஊராரிடம் 3,000 ரூபாய்க்கு ஏன் விற்கிறார்?

சிலருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய வருமானம் வேறு இருக்கிறது. அவர்கள் அனுப்பும் இணைப்பு வழியாகச் சேருபவர் பணத்தை இழந்தால், பந்தய நிறுவனம் அதில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தரும். தம்பி தோற்றால் லாபம் பார்ப்பவர்தான் தம்பிக்கு யோசனை சொல்கிறார்! நஷ்டம் வந்ததும், ‘விட்டதைப் பிடிக்கலாம், இது முன்பே முடிவு செய்யப்பட்ட போட்டி’ என்று இன்னும் பெரிய தொகை கேட்பதும் வழக்கம்.

சட்டமும் இதற்கு எதிராகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.

தம்பியைத் திட்டினால் மறைத்துச் செய்யத் தொடங்குவார். பக்கத்தில் உட்கார வைத்து, மேலே உள்ள கணக்கை அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறாரா, நகைக்கடன் ஏதும் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டியிருந்தால், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல், குழுச் செய்திகளையும் பணம் அனுப்பிய விவரங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதித்தால், பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறோம்’ என்றும் கேட்பார்கள். கொடுத்தால் கணக்கு முடக்கப்படும், வழக்கும் வரலாம். பயிர்க்கடனும் மானியமும் வரும் கணக்கை எந்தக் காரணத்துக்காகவும் மற்றவர் கையில் கொடுக்கக் கூடாது.