நாமா, நாங்களா?

தூர்தர்ஷனைத் திட்டுவது ஒரு காலத்தில் தேசிய விளையாட்டாக இருந்தது. மந்திரி ரிப்பன் வெட்டுவதைச் செய்தி என்று காட்டும். தலைவர் யாராவது மறைந்தால் நாள்கணக்கில் சோக இசை வாசிக்கும். தடங்கலுக்கு வருந்துவதாக ஓர் அட்டையைப் போட்டுவிட்டு, வருந்தியதையும் மறந்துவிடும். எல்லாம் உண்மைதான். ஆனால் 1984க்கும் 1993க்கும் இடையில் அதே அரசாங்கத் தொலைக்காட்சி காட்டிய ஏழெட்டுத் தொடர்களுக்குப் பக்கத்தில் நிறுத்த, பிறகு வந்த நூற்றுக்கணக்கான சேனல்களிலிருந்து நாலைந்தைத் தேடி எடுப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. பார்க்கத் தகுந்தது என்ன என்று கேட்கும் நண்பர்களிடம் இந்தப் பழைய பட்டியலையே நீட்டுகிறேன். "அதெல்லாம் இந்தி ஆச்சே" என்கிறார்கள்.

நியாயமான பதில்தான். 1982 ஆகஸ்டில் தேசிய ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, இரவு எட்டரை மணியைத் தாண்டினால் சென்னை நிலையம் தில்லியின் கைக்குப் போய்விடும். பல தமிழ் வீடுகளில் அதுவே சாப்பாட்டு மணி. பெட்டியை அணைக்காத வீடுகளில் பொம்மை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பிழைப்புக்காகத் தில்லி வந்து, இந்தி காதில் ஏறி, மொழிபெயர்ப்பு தொழிலான பிறகு இவற்றை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் முதல் முறை எவ்வளவு கைநழுவியிருக்கிறது என்று தெரிந்தது.

எல்லாவற்றுக்கும் மூத்தது 'ஹம் லோக்'. 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை ஓடியது. மனோகர் ஷியாம் ஜோஷியின் எழுத்து. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்துக்காகத் திட்டமிடப்பட்ட தொடர். ஆரம்பத்தில் உபதேச நெடி தாங்காமல் ஜனங்கள் முகம் சுளிக்க, உபதேசத்தைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள். குடிகார அப்பா, கல்யாணமாகாத மூத்த மகள், வேலையில்லாத மகன் என்று ஒரு கீழ்நடுத்தரக் குடும்பம். கூடவே விளம்பரதாரர் புண்ணியத்தில் இரண்டே நிமிடத்தில் வேகும் நூடுல்ஸும் வீட்டுக்குள் நுழைந்தது. இன்று பார்த்தால் தொடர் நிதானமாக ஊர்கிறது. பத்துப் பகுதி பார்த்தால் போதும் என்பேன். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அசோக் குமார் தோன்றி நாலு வார்த்தை பேசுவார். பிற்பாடு, தொடரின் தலைப்பை இந்திய மொழிகளில் ஒவ்வொன்றாகச் சொல்லி விடைபெறுவது அவர் வழக்கமாயிற்று.

தமிழில் அந்தத் தலைப்பை எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிடும். இந்தியில் 'ஹம்' என்றால் போதும். தமிழ் விடாது. கேட்பவரையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்கும். சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. தில்லியிலிருந்து வந்த அந்த 'ஹம்' தன்னை 'நாம்' என்றே நினைத்துக்கொண்டது. வடக்கே பிடித்த அளவுக்குத் தெற்கே அந்தத் தொடர் பிடிக்கவில்லை. எட்டரை மணிக்கு எழுந்து சாப்பிடப் போனவர்கள் காதில் அது 'நாங்கள்' என்றே விழுந்திருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டிய தொடர் ஒன்று உண்டு. 'மால்குடி டேஸ்'. கணக்கைப் பாருங்கள். சென்னையில் பிறந்த தமிழர் ஆர்.கே. நாராயண். எழுதியது ஆங்கிலத்தில். அவர் கட்டிய மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத தென்னிந்திய ஊர். அதைப் படமாக்கியவர் கன்னடத்துச் சங்கர் நாக். படமான இடம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அடைமழைக்குப் பேர்போன ஆகும்பே. பாத்திரங்கள் பேசியது இந்தி. கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். அந்தத் தொடக்க இசை, இன்றும் யாராவது முணுமுணுத்தால் அடுத்தவர் முடித்து வைக்கும் அந்த மெட்டு, 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த நம் எல். வைத்தியநாதனுடையது. இத்தனை கை மாறியும் ஊரின் வாசனை போகவில்லை. சுவாமி திண்ணையில் உட்காருவதும், பள்ளிக்கூடத்துக்குப் பயந்து வயிற்றுவலி வரவழைத்துக்கொள்வதும் கும்பகோணத்திலும் நடக்கும். சுவாமியாக வந்த மாஸ்டர் மஞ்சுநாத்தைப்போல ஒரு சிறுவன் அதற்கப்புறம் நம் திரைகளில் வந்ததாக எனக்கு நினைவில்லை. அப்பாவாகக் கிரீஷ் கர்னாட். சங்கர் நாக் 1990-ல் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35. 2006 வாக்கில் வேறு இயக்குநர் சில பகுதிகளைச் சேர்த்தார். அவற்றை விட்டுவிட்டு முதல் 39 பகுதிகளோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

நல்ல துப்பறியும் கதை வேண்டுமென்பவர்களுக்கு, பாசு சாட்டர்ஜி 1993-ல் தந்த 'பியோம்கேஷ் பக்ஷி'. வங்காளத்துச் சரதிந்து பந்தோபாத்யாயின் கதைகள். ரஜித் கபூர் வேட்டி கட்டிக்கொண்டு துப்பறிவார். தன்னைத் துப்பறிபவன் என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. 'சத்யான்வேஷி', உண்மையைத் தேடுபவன் என்று சொல்லிக்கொள்வார். துப்பாக்கிச் சத்தம் குறைவு, பேச்சு அதிகம். கவிதைப் பித்து உள்ளவர்களுக்கு 1988-ல் குல்ஸார் எடுத்த 'மிர்ஸா காலிப்'. நசீருதீன் ஷா காலிப்பாக நடிக்க, ஜக்ஜித் சிங்கும் சித்ரா சிங்கும் பாடினார்கள். உருது தெரியாவிட்டால் பாதி நஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கே டிக்கெட் வாங்கலாம்.

தமிழ் படித்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்'. அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் 1944-ல் நேரு எழுதிய 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' நூலை வைத்து 53 பகுதிகள். ஒளிபரப்பு தொடங்கியது 1988-ல். ரோஷன் சேட் நேருவாக வந்து வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போவார். ஓம் புரி ஒரு வாரம் துரியோதனன், ஒரு வாரம் அசோகன், இன்னொரு வாரம் ஔரங்கசீப். செலவு குறைவு என்பது திரையிலேயே தெரியும். போர்க்களத்தில் நாலு குதிரைக்கு மேல் எண்ணினால் அதிர்ஷ்டம். ஆனால் பெனகல் ஒரு காரியம் செய்தார். நேருவின் புத்தகத்தில் தெற்குக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். தொடரில் சங்க காலத்துக்கும் சோழர்களுக்கும் தனியே பகுதிகள் கிடைத்தன. சங்க காலம் என்ற தலைப்பில் அவர் எடுத்துக்கொண்டது சிலப்பதிகாரம். (சங்க காலமும் சிலம்பும் ஒன்றா என்று என் பேராசிரியர்கள் இருந்தால் வகுப்பெடுத்திருப்பார்கள். விட்டுவிடுவோம்.)

கண்ணகி இந்தியில் பேசுவதைக் கேட்பது விசித்திர அனுபவம். முதலில் ஒட்டாது. மதுரைக் காண்டத்தின் வழக்குரை காதையை மனப்பாடம் செய்த எவருக்கும் அந்த வேகம் வேறு மொழியில் நிற்குமா என்ற சந்தேகம் வரும். சிலம்பு என்ற சொல்லையே இந்திக்குக் கொண்டுபோவது சிரமம். 'பாயல்' என்றால் ஆட்டக்காரியின் சலங்கைச் சத்தம் வந்துவிடுகிறது. 'நூபுர்' வடமொழிக் கனத்தோடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. இந்தி நாவலாசிரியர் அம்ரித்லால் நாகர் சிலப்பதிகாரக் கதையை நாவலாக்கியபோது 'சுஹாக் கே நூபுர்' என்று பெயரிட்டது இதனால்தான் என்று தோன்றுகிறது. 'சுஹாக்' என்ற சொல்லைச் சேர்த்து அந்தச் சிலம்பை மனைவியின் காலில் கட்டிவிட்டார். நம் காப்பியத்தை எடுத்துச் செல்ல அவர்கள் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். எதிர்த் திசையில், அந்தத் தொடரைத் தமிழுக்குக் கொண்டுவர நாம் என்ன செய்தோம் என்று யோசித்தால் கை விரிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் 'தமஸ்' பாருங்கள். ராவல்பிண்டியில் பிறந்த பீஷ்ம சாஹ்னி, 1947 மார்ச்சில் அந்தப் பகுதியில் நடந்த கலவரத்தை நினைவில் வைத்து எழுதிய நாவல். 1975-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. (சாஹ்னி மாஸ்கோவில் ஆறேழு வருடம் ரஷ்ய நூல்களை இந்தியில் பெயர்த்தவர். எங்கள் ஜாதிக்காரர்.) கோவிந்த் நிஹலானி இயக்கி, 1988 தொடக்கத்தில் தூர்தர்ஷன் காட்டியது. தோல் வேலை செய்யும் நாத்துவிடம் ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு பன்றியைக் கொன்று தரச் சொல்கிறார்கள். மிருக வைத்தியருக்கு வேண்டும் என்கிறார்கள். மறுநாள் அது மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. மற்றதெல்லாம் அதிலிருந்து பற்றிக்கொள்கிறது. ஓம் புரியின் நாத்து, தான் செய்த காரியத்தின் அர்த்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய, அதை வெளியே சொல்லவும் முடியாமல் அலைகிறான். கிராமத்து டீக்கடைக்கார சீக்கியர் ஹர்நாம் சிங்காக நாவலாசிரியரே நடித்திருக்கிறார். கடை எரிய, மனைவியோடு இரவில் நடந்து, ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். திறக்கும் ராஜோவாக சுரேகா சிக்ரி. அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. அடைக்கலம் கொடுக்கும் அந்தப் பெண் இளகிய மனதுக்காரியாகச் சித்திரிக்கப்படவில்லை. பயம், கோபம், வீட்டு ஆண்கள் வந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு எல்லாம் முகத்தில் ஓடுகிறது. அத்தனையும் ஓடிய பிறகும் கதவைத் திறக்கிறாள்.

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்லி வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. மேல்முறையீட்டில் நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் செய்த காரியம் அபூர்வமானது: தொடர் முழுவதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்த பிறகு தடையை நீக்கினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. 1988 பிப்ரவரியில் அங்கேயும் மனு தள்ளுபடி. எதற்கும் சஞ்சலப்படும் மனத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது, நியாயமும் திடமும் உள்ள மனிதர் எப்படிப் பார்ப்பார் என்றே பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அரசாங்கத்தின் சேனல், மத மோதலை மூட்டிவிடுபவர்களைப் பற்றி, நாடு முழுவதும் பார்க்கும் நேரத்தில் காட்டியது. இன்று பணமும் சுதந்திரமும் அதிகமுள்ள இணையத் தளங்களே வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் வசனம் எழுதுகின்றன.

இவை தப்பிப் பிழைத்ததே அதிர்ஷ்டம். ஒளிநாடா விலை உயர்ந்த சரக்காக இருந்த நாட்களில் பழையதை அழித்துப் புதியதைப் பதிவது நிலையங்களில் வழக்கம்; அப்படிப் போனவை ஏராளம். எஞ்சியவற்றில் பலவற்றை பிரசார் பாரதி யூட்யூபில் ஏற்றியிருக்கிறது. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற தன் தளத்தையும் தொடங்கியது. 2020 ஊரடங்கில் 'ராமாயண்' மறு ஒளிபரப்பானபோது கோடிக்கணக்கானவர்கள் பார்த்ததாகப் பெருமையோடு கணக்குச் சொன்ன நிறுவனம் அது. பழைய சரக்குக்கு மதிப்பு உண்டென்று அதற்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் பார்த்த பிரதிகள் எதிலும் தமிழ் சப்-டைட்டில் கிடையாது. 'தமஸ்' முழுவதுமாகவே ஐந்து மணி நேரம் சொச்சம். பழகிய மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு இரண்டு மூன்று வார வேலை. சென்னையில் நிலையம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். தமிழ் மட்டும் கேட்கவில்லை; மலையாளத்துக்கும் அசாமிக்கும் மணிப்பூரிக்கும் இதே குறை. பதிலுக்குத் தமிழ்க் குறும்படங்களும் நாடகங்களும் இந்தி எழுத்தோடு போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆங்கில எழுத்தோடு மாநில மொழிப் படங்களைக் காட்டிய அதே தூர்தர்ஷனுக்கு இது புது வித்தையும் அல்ல.

அதுவரை காத்திருக்க வேண்டாம். குழந்தைகளோடு என்றால் 'மால்குடி'யில் தொடங்குங்கள். வசனம் புரியாவிட்டாலும் கதை தெரியும். 'பாரத் ஏக் கோஜ்' பார்ப்பவர்கள் வரிசைப்படி போக வேண்டியதில்லை, சிலம்பில் நுழைந்து சோழர் வழியாகப் போகலாம். 'தமஸ்' மட்டும் குழந்தைகள் தூங்கிய பிறகு. முதல் காட்சியில் அந்தப் பன்றி சீக்கிரம் சாகாது.