“சம்பளம் வாங்குறாங்கல்ல?” என்கிற சாக்கு

காரைக்குடிப் பக்கத்து மாளிகை ஓட்டல்களில் காலை பத்து, பதினோரு மணிக்கு விருந்தினர்கள் கிளம்புவார்கள். பெட்டியைத் தூக்கி வந்து காரில் ஏற்றியவருக்கு ஐம்பது ரூபாய் போகும். இரண்டு நாளும் வாழை இலையில் பார்த்துப் பார்த்துப் பரிமாறியவரைத் தேடிப் பிடித்து இருநூறு ரூபாயைக் கையில் வைப்பார்கள். வாசல் காவலாளிக்கும் ஏதாவது கிடைக்கும். டிரைவர் பேட்டா தனி. அதே நேரத்தில், அவர்கள் விட்டுவிட்டு வந்த அறையில் ஒரு பெண் குனிந்து, பாத்ரூம் சல்லடையில் அடைத்த தலைமுடியை விரலால் இழுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “அதுக்குத்தான் சம்பளம் வாங்குறாங்கல்ல?”

கேட்டவுடன் நியாயமாகப் படும் பதில்தான். இதைச் சொல்பவர்கள் கருமிகளும் அல்ல. பலர் கோயில் உண்டியலில் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் போடுகிறவர்கள். ஆனால் இந்த நியாயத்தை அவர்கள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பொருத்துகிறார்கள். பரிமாறுகிறவர் சம்பளம் வாங்கவில்லையா? பெட்டி தூக்குகிறவர்? காவலாளி? சம்பளம் வாங்குகிறவருக்கு மேற்கொண்டு காசு வேண்டாம் என்பது கொள்கையானால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. உண்மையில் நாம் கண்ணுக்கு எதிரே நிற்பவருக்குக் கொடுக்கிறோம், கண்ணில் படாதவரை மறந்துவிடுகிறோம். அவர் கண்ணில் படாதது அவருடைய குற்றமா? விருந்தினர் வெளியே போன பிறகுதான் உள்ளே போக வேண்டும், வந்து போன சுவடே தெரியக் கூடாது என்பது அவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். வேலையை எவ்வளவு சரியாகச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அவர் மறைந்துபோகிறார். அதற்குக் கிடைக்கும் பலன், வெறுங்கை.

செட்டிநாட்டில் இது இன்னும் கூர்மையாக உறுத்துகிறது. காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று பழைய வீடுகளும் விருந்தினர் இல்லங்களும் தங்கும் விடுதிகளாகி ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்திருக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்தன. நான் இங்கே ஓட்டல்களைக் குறை சொல்ல வரவில்லை, என் வழக்கு விருந்தினரோடு. சுற்றிக் காட்டுபவர் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஊர் சொல்வார். நாமும் தலையாட்டிக்கொண்டு படம் எடுப்போம். அந்தத் தேக்குத் தூணை இன்று காலை துடைத்தவர் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அவர் பெரும்பாலும் பக்கத்துக் கிராமம்தான். முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்.

அவர் செய்யும் வேலை என்னவென்று கிட்டத்தில் பார்க்கலாம். இந்த வீடுகளின் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் சாயச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. அதில் ஆசிட் பட்டால் மேற்பூச்சு அரித்துப் பூ வெளிறிவிடும். சாதாரண லாட்ஜில் பாத்ரூம் டைல்ஸில் ஆசிட் ஊற்றித் தேய்ப்பதுபோல இங்கே தேய்க்க முடியாது. ஈரத் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, சில இடங்களில் சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, கையால்தான் பளபளப்பைக் கொண்டுவர வேண்டும். விருந்தினர் காபியைச் சிந்திவிட்டு அப்படியே விட்டுப் போனால் கறை ஊறிவிடும். மண்டியிட்டு உட்கார்ந்து எடுக்க வேண்டும். உயரமான கட்டில், கனத்த மெத்தை. விரிப்பின் நான்கு மூலையையும் மடித்துச் செருக, ஒவ்வொரு மூலைக்கும் மெத்தையை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை அறையோ அத்தனை நாலு தடவை. இடுப்பும் தோள்பட்டையும் முதலில் போவது இதனால்தான்.

இனி என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். சம்பளம் நாளுக்கோ மாதத்துக்கோ கணக்கிடப்படுகிறது. ஆனால் அந்த நாளில் அவர் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதை முதலாளி முடிவு செய்வதில்லை. அறையில் தங்கிய நாம்தான் முடிவு செய்கிறோம். ஒருவர் துண்டை மடித்து வைத்துவிட்டு, குப்பையைக் கூடையில் போட்டுவிட்டுப் போகிறார். அந்த அறை இருபது நிமிட வேலை. இன்னொரு குடும்பம் போன அறையைப் பாருங்கள். தலையணை உறையில் நல்லெண்ணெய், வெள்ளை விரிப்பில் மருதாணி, முகம் துடைக்கும் துண்டால் ஷூ துடைத்த கறுப்பு, கொசுவர்த்திச் சுருள் எரிந்த சாம்பல் தரையில், பிரியாணிப் பொட்டலத்தின் எண்ணெய் மேஜையில், குழந்தையின் டயாபர் கட்டிலுக்கு அடியில். குடித்தவர்கள் தங்கிய அறையாக இருந்தால் அதைச் சொல்லவே வேண்டாம். அதே அறை, அதே கூலி, மூன்று மடங்கு பாடு. அடுத்த விருந்தினர் இரண்டு மணிக்கு வந்து நிற்பார், அதற்குள் முடிக்க வேண்டும். இந்தக் கூடுதல் பாட்டைச் சம்பளக் கணக்கு பார்ப்பதே இல்லை. பரிமாறுகிறவருக்கு ஒரு இலைக்கும் இன்னொரு இலைக்கும் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. டிப்ஸுக்கு உரிமை உள்ளவர் ஒருவர் ஓட்டலில் உண்டென்றால் முதலில் நிற்க வேண்டியவர் அறையைச் சுத்தம் செய்பவர்தான்.

“வாடகையே எட்டாயிரம் கொடுக்கிறேன், அதில் எல்லாம் அடக்கம்” என்பார் ஒருவர். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எட்டாயிரம் ரூபாய் அறைக்கு 1,440 ரூபாய் வரி. அதை முணுமுணுக்காமல் கட்டிவிட்டு வருகிறவருக்கு, நூறு ரூபாய் என்றதும் எல்லாம் அடக்கம் என்று தோன்றுகிறது. வாடகையில் கட்டடம் அடக்கம், ஏசி அடக்கம், முதலாளியின் லாபம் அடக்கம். நாம் பண்ணிவைத்த அலங்கோலம் எந்தப் பில்லிலும் வருவதில்லை.

இன்னொருவர் கோர்ட்டைக் காட்டுவார். ஓட்டல்களும் உணவகங்களும் தாமாகவே சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. முதலாளி பில்லில் ஏற்றி நம் பையில் கைவிடுவதைத்தான் அது தடுத்தது. விருப்பப்பட்டுக் கொடுப்பதற்கு அதில் தடை ஏதும் இல்லை. அதைப் படிக்காமலேயே “டிப்ஸ் வேண்டாம்னு கோர்ட்டே சொல்லிருச்சு” என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று உண்டு, அதை மதிக்கிறேன். டிப்ஸ் பழகிவிட்டால் முதலாளி சம்பளத்தைக் குறைத்துக்கொள்வார், கூலியைத் தரவேண்டிய பொறுப்பு விருந்தினர் தலையில் விழும் என்பது அது. இது கற்பனை அல்ல, நடந்த கதை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜ் புல்மன் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில், விடுதலையான கறுப்பின மக்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தினார். மீதியைப் பயணிகள் டிப்ஸாகக் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. அந்தத் தொழிலாளர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 1937-இல்தான் ஒப்பந்தம் வாங்கினார்கள். இன்றைக்கும் அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அது ஏறவே இல்லை. 2014-இல் மேரியட் நிறுவனம் அமெரிக்கா, கனடா ஓட்டல் அறைகளில் சுத்தம் செய்பவருக்காக டிப்ஸ் உறை வைத்தபோது, உறைக்குப் பதிலாகச் சம்பளத்தை ஏற்று என்று பலரும் கேட்டார்கள். கேட்டது சரி.

ஆனால் நம் ஊரில் இந்த வாதத்தைச் சொல்லி யார் என்ன செய்கிறார்கள்? நம் சட்டத்தில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியில் ஒரு பைசா கழிக்க இடமில்லை. எனவே நீங்கள் வைக்கும் நூறு ரூபாய் சட்டப்படி அவர் கூலியைக் குறைக்காது. சம்பளம் ஏற வேண்டும் என்று மனதாரச் சொல்பவர், கிளம்பும்போது மேனேஜரிடம் அதைக் கேட்க வேண்டும், கருத்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். நான் பார்த்தவரை பெரும்பாலோர் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அடுத்தவர் கூலி உயர்வுக்கான கொள்கை, தன் பர்ஸைக் காப்பாற்றும் வேலையோடு நின்றுவிடுகிறது.

டிப்ஸ் சம்பளமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐடிசி நிறுவனம் தொடர்பான வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது: விருந்தினர் கார்டில் கொடுத்து ஓட்டல் பிரித்துக்கொடுக்கும் டிப்ஸ்கூட முதலாளி தரும் சம்பளம் ஆகாது. வரிக்கான வழக்கு அது. என்றாலும் ஒரு அறைப் பணியாளரின் நிலை அதில் விளங்குகிறது. டிப்ஸை உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, வருமானச் சான்றாக வங்கியில் காட்ட முடியாது. அதனால் நூறு ரூபாய் வைத்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். சம்பளமும் ஏற வேண்டும், டிப்ஸும் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று நம் கையில், இன்றே, இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். போகும்போது அவர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் ஒரு கம்மல் காணவில்லை, சார்ஜர் காணவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். “ரூம் கிளீன் பண்ண வந்த பொம்பள யாரு?” என்று அப்போது பேர் கேட்பார்கள். கம்மல் தோள்பையின் உள்ஜிப்பில் கிடைத்த பிறகு, கேட்டதற்காக வருத்தப்பட்டு யாரும் போன் செய்வதில்லை.

அதேபோல, மிச்சத்தைக் கொடுத்துவிட்டு டிப்ஸ் என்று நினைப்பவர்கள். பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், கறுத்த வாழைப்பழம், கிழிந்த சட்டை. அதை எடுத்துப்போட்டுக் குப்பையில் சேர்ப்பதும் அவருக்கு ஒரு வேலை. கூப்பிட்டு எதிரே நிறுத்தி, “இந்தா வச்சுக்க” என்று ஒருமையில் சொல்லிக் கொடுப்பதும் வேண்டாம். வேலை செய்தவரைக் கைகட்டி நிற்கவைத்துக் காசு போட்ட பண்ணையார் காலத்தை இந்த மண் நிறையப் பார்த்திருக்கிறது. அக்கா என்று கூப்பிட்டு, நன்றி சொல்லிக் கொடுக்கலாம். நேரில் பார்க்க முடியாவிட்டால் அறையிலேயே வைக்கலாம்.

வைப்பதிலும் விவரம் இருக்கிறது. அறையில் கிடக்கும் பணத்தைத் தொடக் கூடாது என்பது நல்ல ஓட்டல்களின் விதி. மேஜை மேல் சும்மா வைத்தால் அது மறதிப் பொருளாக ஆபீசுக்குப் போய்விடும். எனவே ஒரு சீட்டில் “அறையைச் சுத்தம் செய்தவருக்கு, நன்றி” என்று எழுதி அதன் மேல் வையுங்கள். லாட்ஜுகளில் ஒடிசா, அசாம் பக்கத்துப் பையன்கள் வேலை செய்கிறார்கள். தமிழ் தெரியாது என்றால் ஒரு ‘தேங்க் யூ’ போதும். ஜிபே வந்த பிறகு சில்லறைத் தாள் யாரிடமும் இல்லை, அதுவே ஒரு சாக்காகிவிட்டது. வழியில் டீ குடிக்கும்போது ஐந்நூறை மாற்றி வைத்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. எவ்வளவு என்றால், ஆயிரம் ரூபாய் லாட்ஜ் அறைக்கு நாளுக்கு ஐம்பது. மாளிகை ஓட்டலுக்கு நூறு, இருநூறு. நீங்கள் பண்ணிய அலங்கோலம் அதிகமென்றால் அதற்கேற்ப.

இதை நம் கல்யாண வீடுகள் தொடங்கி வைக்க முடியும். முகூர்த்த நாள்களில் காரைக்குடி லாட்ஜுகள் கல்யாணக் கூட்டத்தால்தான் நிறைகின்றன. சந்தனம், மஞ்சள், பூச்சரம், குங்குமம் என்று அறைகள் தாறுமாறாவதும் அப்போதுதான். நகரத்தார் கல்யாணத்தில் யாருக்கு என்ன முறை என்று எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. மற்ற சமூகத்தாரும் மேளக்காரர், சமையல்காரர், பந்தி பரிமாறுபவர், வாழைமரம் கட்டியவர் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கவர் போடுகிறார்கள். அந்தச் சிட்டையில் லாட்ஜில் அறை துடைப்பவர் பெயரில் ஒரு வரி சேர வேண்டும். இருபது அறை, இரண்டு நாள், அறைக்கு நாளுக்கு நூறு என்றால் நாலாயிரம் ரூபாய். வந்தவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பைக்கு ஆவதைவிடக் குறைவு. ஊருக்குக் கிளம்பும் நாளில் மொத்தமாகக் கொடுப்போம் என்று தள்ளிப்போட வேண்டாம். முதல் நாள் துடைத்தவர் மறுநாள் விடுமுறையில் இருப்பார், காசு வேறொருவர் கைக்குப் போகும். அன்றன்றைக்கு, அறை துடைத்தவர் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.