பகலில் வீட்டில் இருப்பவர் யார்?

வீட்டுக் கடன் நாடி வரும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்பவை பெரும்பாலும் எண்களைப் பற்றிய கேள்விகளே. வட்டி விகிதம் என்ன, மாதத் தவணை எவ்வளவு, முன்கூட்டியே கடனை அடைத்தால் கட்டணம் உண்டா? இவை கேட்க வேண்டியவைதாம். ஆனால் கட்டட வரைபடம் மேசையில் விரிந்து கிடக்கும்போதும், படுக்கையறைச் சன்னல் எதை நோக்கித் திறக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

அது அழகுணர்ச்சி மட்டும் சார்ந்த கேள்வியன்று. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச், 1984ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். 23 பேருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் சில நாள் தங்கும் அறைக்கே இத்தகைய ஆற்றல் இருக்குமானால், இருபது ஆண்டுகள் தவணை செலுத்தி வாழும் வீட்டைப் பற்றி என்ன சொல்வது?

நல்ல வடிவமைப்பு செல்வர்களுக்கே உரியது என்றும் எண்ண வேண்டா. இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில், வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு அடித்தளமும் கழிப்பறை முதலிய அடிப்படை வசதிகளும் கொண்ட மனைகள் வழங்கப்பட்டன. வசதிக்கேற்ப வீட்டை அவர்களே வளர்த்துக்கொண்டனர். தெருவை நோக்கிய வாசற்படிகளுக்கும் திண்ணைகளுக்கும் அவர் இடம் வைத்தார். மாலையில் அமர்ந்து பேச ஓரிடம் இருப்பது தனிமைக்கு எளிய மருந்து.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ‘கார்பெட் ஏரியா’ என்பதைத் தெளிவாக வரையறுத்தது வாடிக்கையாளருக்குப் பெரும் பாதுகாப்பு. ஆனால் அந்தக் கணக்கில் பால்கனி சேராது. வெளிச்சமும் காற்றும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. சதுர அடி பெருகுகிறது. பகலிலும் விளக்கு எரிகிறது.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் வேலைக்குச் செல்பவர்; இரவிலும் விடுமுறையிலும்தான் அவர் அங்கே இருப்பார். பகல் முழுவதும் அச்சுவர்களுக்குள் இருப்பவர்கள் வயது முதிர்ந்த பெற்றோரும் இல்லத்தரசியும் குழந்தைகளும். அவர்களுடைய கையொப்பம் பல வேளைகளில் விண்ணப்பத்தில் இருப்பதில்லை, கருத்தும் கேட்கப்படுவதில்லை. விருந்தினர் அறைக்குக் கிழக்கு வெளிச்சம், பாட்டிக்குக் காற்றுப்போக்கி நோக்கிய இருட்டறை என்ற ஏற்பாட்டை நாம் எத்தனையோ வரைபடங்களில் காண்கிறோம்.

மாதிரி வீட்டைக் காட்டும்போது விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். முற்பகல் ஒருமுறையும் பிற்பகல் ஒருமுறையும் சென்று பாருங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தால், நாளை அங்கே எழும் சுவர் உங்கள் சன்னலிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கும் என்று கேளுங்கள்.

வெளிச்சமுள்ள வீட்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதையும் கடனாகப் பெற்றால், 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதம் ஏறத்தாழ 1,736 ரூபாய் ஆகும். மொத்தம் நான்கு இலட்சத்தைத் தாண்டும். அது தகுமா என்பதைக் குடும்பத்தினர் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். பகலில் வீட்டில் இருப்பவரும் அப்பேச்சில் அமரட்டும். வரைபடத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள்.