பண்ணையில் பத்து நாட்கள்

வேலை அனுபவம் பள்ளிக் கல்வியின் ஓர் அங்கமாதல் வேண்டும் என்று 1966ஆம் ஆண்டில் அறிக்கையளித்த கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் புத்தகப் பையின்றித் தொழில் பயில 10 நாட்களைக் குறித்துள்ளது. இந்நாட்களைப் பண்ணையில் கழிக்க விரும்பும் பள்ளிகள், அவற்றை ஒரே தொடர்ச்சியாக முடித்துவிடுதல் தகாது.

குறுகிய கால நெல்லும் விளைய ஏறக்குறைய 110 நாட்கள் ஆகின்றன. நடவு நாளில் மட்டும் வயலில் இறங்கிய மாணவன் களையையும் காணான், கதிரையும் காணான். தான் நட்ட நாற்று பிழைத்ததா என்பதையும் அறியான். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுவடை எனப் பருவம் முழுவதற்கும் அந்நாட்களைப் பகிர்ந்தளித்தலே முறை. காலையும் மாலையும் பால் கறத்தல், தீவனமிடுதல், தொழுவம் கூட்டுதல் ஆகியவற்றுக்கு விடுமுறை இல்லை என்பதை உணர, அவற்றுள் ஒரு நாளேனும் விடுமுறை நாளாக அமைதல் நன்று.

இதனால் கால அட்டவணை குலையும் என ஆசிரியர் சிலர் அஞ்சலாம். பயிர் வேலைகளின் நாட்களைக் கள அலுவலர் முன்னரே கணித்து அறிவித்தால் அவ்விடர் பெரிதும் நீங்கும். பூச்சிமருந்தும் இயந்திரமும் சிறுவர்க்கு அறவே விலக்கு. கூலியாளுக்குரிய வேலையை மாணவர்மீது சுமத்துதலும் ஆகாது, அது கல்வியன்று.