கடலோரத்துக்கு உரிய தொட்டி

வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, சமுத்திரத்தின் ஒரு மூலையை அதில் குடியேற்றிவிட வேண்டும் என்ற ஆசை, வசதியும் ஓய்வும் படைத்தவர்களிடையே நம் நகரங்களிலும் பரவி வருகிறது. கொளத்தூர்ச் சந்தையில் வாங்கிய நன்னீர் மீன்களை வளர்த்துக் கைதேர்ந்தவர்கள் அடுத்தபடியாக உப்பு நீருக்கு வருகிறார்கள். ஆசையில் தோஷம் ஒன்றுமில்லை. கடல் ஜீவராசிகளின் வடிவையும் வர்ணத்தையும் அருகிருந்து காண விரும்புவது ரசனையுள்ள மனத்தின் இயல்பே. ஆயினும் அந்தத் தொட்டி இருக்க வேண்டிய இடம் எது, அதில் வாழத் தகுந்தவை எவை என்ற கேள்விகளைக் கேட்காமலே நாம் பணத்தைச் செலவழிக்கத் தொடங்கிவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த விநோதத்தைத் தொடங்கி வைத்தவர்கள் குளிர்ந்த கடலை உடையவர்கள். 1853-ஆம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சி சாலையில் நீர்வாழ் உயிர்களுக்கென்று ஒரு மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை நூல் வல்லுநர் கடல் தொட்டியைப் பற்றிப் புத்தகம் எழுதி வெளியிட, கரையோரப் பாறை இடுக்குகளில் கிடைத்த கடல் சாமந்தியையும் நண்டையும் சிறு மீனையும் வாளிகளில் அள்ளிச் செல்வது அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் கோடைக்காலப் பொழுதுபோக்காயிற்று. தூர தேசத்து உயிரைக் கப்பலேற்றி வரவழைக்காமல் தங்கள் கரையின் உயிரையே வளர்த்தார்கள் என்ற மட்டில் அதில் ஒரு நேர்மை இருந்தது. ஆனால் காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் எழுதிய நூலில், தம் தந்தையார் வர்ணித்த அந்தப் பாறைக் குளங்களெல்லாம், அவருடைய எழுத்தைப் படித்து ஆர்வங்கொண்டு வந்தவர்களாலேயே சூறையாடப்பட்டுப் பாழாயின என்று வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். உள்ளூர் உயிரைத்தானே எடுக்கிறோம் என்று சமாதானம் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

நம்முடைய கடல் வேறு விதமானது. இங்கிலாந்தில் கோடை வந்தால் தொட்டி நீரைக் குளிரூட்ட வேண்டிய கவலை. நமக்கோ கடலே வெதுவெதுப்பானது. ஆகையால் உள்ளூர் மீனை வளர்ப்பது எளிது என்று தோன்றும். உண்மை அவ்வளவு சுலபமன்று. 15 பாகை உஷ்ணத்திலுள்ள ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 பாகையில் அது சுமார் 6 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சித்திரை மாதத்து மாடி வீட்டு அறையில், காற்றுச் செலுத்தும் சிறு பொறி மின்சாரத் தடையால் சில மணி நேரம் நின்றுபோனால், அந்தத் தொட்டியில் என்ன நேரும் என்று விவரிக்க வேண்டியதில்லை. தவிர, வெப்பத்தால் ஆவியாவது தண்ணீரே அன்றி உப்பு அன்று. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரை ஊற்றி ஈடு செய்யாவிட்டால் உப்பின் கடுமை நாளுக்கு நாள் ஏறும். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவைத் தீங்கற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஒரு புதிய தொட்டியில் நிலைபெறுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். வாங்கிய அன்றே மீனை விடுகிற அவசரக்காரர்கள் அதை அறிவதில்லை.

இத்தனை பிரயாசையையும் கடல் தானே, கூலியின்றிச் செய்துகொண்டிருக்கும் இடங்கள் நம் கரையில் இருக்கின்றன. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் விரிகுடாவை ஒட்டி அலையாத்திக் காடு சூழ்ந்த காரங்காடு அத்தகைய ஊர். வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். ஊர்ப் பெண்கள் சமைத்துப் போடும் கடல் உணவுக்காகவே தொலைவிலிருந்து வருகிறவர்களும் உண்டு. காட்டின் வேர்களுக்கிடையே சேற்றில் தத்தித் திரியும் மீன்களையும், ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டி எதிரியை மிரட்டும் சிறு நண்டுகளையும் பார்க்கலாம். இப்பக்கத்துக் கரைவலையில் ஓரா, மடவை, கிழங்கான், பிடித்தவுடன் கத்துகிற கீச்சான், தொட்டால் வயிறு உப்பும் பேத்தை என்று அகப்படும் மீன்களில், தொட்டிக்கு ஆசைப்படுகிறவர் ஒருவரும் விலை கொடுத்துக் கேளாதவையே அதிகம். வரிவரியாய்க் கோடு வளைந்த கீச்சான் குஞ்சைப் போல் அழகும் உறுதியும் சுறுசுறுப்பும் ஒருங்கே அமைந்த மீனைக் குழம்பில் மட்டுமே அறிந்திருப்பது நம் ரசனைக்குப் பெருமையன்று.

தொட்டிக்கு ஆசைப்படுகிறவர்கள் கேட்பது கடல் குதிரையை. தொண்டிக் கடலின் புற்படுகைகளில் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கும் இந்தப் பிராணிக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. ஆதலால் நாள் முழுவதும் உயிருள்ள சிற்றிரை கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். பெண் இடும் முட்டைகளை ஆண் தன் பையில் சுமந்து குஞ்சாக்கி வெளியிடும் விந்தை யாரையும் கவரும் என்பது மெய்தான். ஆனால் 2001-ஆம் ஆண்டிலிருந்து கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. தொட்டியை அலங்கரிக்க ஒரு பவளத் துண்டுதானே என்று எடுப்பவர், சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்ட மன்னார் வளைகுடாவில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கிப்போன வரலாற்றை நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்தபடி விரும்பப்படுவது கோமாளி மீன். 2003-இல் வந்த அமெரிக்கக் கார்ட்டூன் படத்தின் தயவால், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இல்லாத கடல் தொட்டி தொட்டியே அல்ல என்ற எண்ணம் குழந்தைகளிடமிருந்து பெற்றோருக்கும் தொற்றிக்கொண்டது. அந்த ஆரஞ்சு மீன் நம் விரிகுடாவுக்கு உரியதன்று. இங்கே கடல் சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கிடையே அச்சமின்றி வாழ்வது, கருமை கலந்த உடலும் வெண்பட்டைகளும் மஞ்சள் வாலும் கொண்ட அதன் உறவு மீன். எல்லாக் கோமாளி மீன்களையும் போல இதுவும் ஆணாகவே வாழ்வைத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறும். ஆகவே ஒரு சாமந்தியிலிருந்து பெரிய மீனை எடுத்துவிட்டால் அக்குடும்பம் தாயை இழந்துவிடுகிறது. இந்த இனத்து மீன்களைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் வித்தையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கைவரப் பெற்றிருக்கிறது. அதன் மண்டபம் கிளை காரங்காட்டிலிருந்து அதிக தூரமில்லை. உலகச் சந்தையில் விற்கும் நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களிலோ மிகப் பெரும்பகுதி கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. வளர்த்தே தீர வேண்டும் என்பவர், பொரிப்பகத்தில் பிறந்தது என்று உறுதி பெற்ற மீனைத் தவிர வேறொன்றையும் வாங்கலாகாது என்பதில் நான் தாட்சண்யம் காட்டமாட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வீடு தொட்டி ஏன்? கடல் தொட்டி கடலோரத்தில் இருப்பதே பொருத்தம். சென்னை மெரீனாவில் 1909-ஆம் ஆண்டிலேயே, பாம்பன், இராமேசுவரம் கரைகளின் உயிர்களை ஆராய்ந்தவரும் அருங்காட்சியகத் தலைவராயிருந்தவருமான எட்கர் தர்ஸ்டன் வகுத்த திட்டப்படி, பொதுமக்களுக்கான கடல் மீன் காட்சிசாலை ஒன்று எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அவ்வளவு பெரிய மாளிகை இப்போது வேண்டாம். காரங்காட்டுப் படகுத் துறைக்கருகே ஓலைக் கூரையின் கீழ் நாலைந்து தொட்டிகள் போதும். நீர் மாற்ற எதிரே கடல் இருக்கிறது. நகரத்து மாடியில் மாதம் ஒரு முறை மாற்றுவதற்குப் படும் பாடு அங்கே இல்லை. அன்றைய வலையில் உயிரோடு வந்த ஓராக் குஞ்சும் கீச்சானும் சில நாள் இருந்து, பிறகு வந்த வழியே கடலுக்குத் திரும்பட்டும். சட்டம் காக்கும் பிராணிகள் தொட்டிக்குள் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வனத்துறையுடையது. மண்டபத்துப் பொரிப்பகத்துக் கோமாளி மீன்கள் தனித் தொட்டியில் இருக்கலாம்; அவற்றின் குஞ்சுகளை வளர்த்து நகரத்தாருக்கு விற்கும் உரிமையை ஊர்ப் பெண்களின் குழுவுக்கே கொடுத்தால், அலையாத்தியைக் காப்பதற்கு அவர்களுக்கு இன்னொரு காரணமும் கிடைக்கும்.

குழந்தை தன் வீட்டிலேயே காணும் அற்புதத்தை மறுக்கலாமா என்று கேட்பார்கள். வீட்டில் இறக்கும் மீனை எண்ணிப் பார்த்த தகப்பனார்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

செலவைப் பற்றி அதிகாரிகள் யோசிப்பார்களானால், ஆண்டு முழுவதும் இதை நடத்த வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசிப் பாக் விரிகுடா கொந்தளிக்கும்போது மழை வெள்ளம் கலந்து கரை நீரின் உப்பும் தெளிவும் மாறிவிடும். அந்த மாதங்களில் வலை மீன்களைக் கடலில் விட்டு, கோமாளி மீன்களை மண்டபத்துக்கு அனுப்பி, தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, தை பிறந்த பிறகு மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.