உறங்கும் கணினியும் தரவு இழப்பும்



கணினியை அணைக்காமல் ஓய்வில் வைக்கும் முறைகளில், ரேம் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் அளிப்பது ஸ்லீப் எனவும், நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தையே துண்டிப்பது ஹைபர்னேட் எனவும் அழைக்கப்படுகின்றன. முதலாவதில் பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை மட்டுமே பறிபோகும்; ஆனால் இரண்டாவதில், கோப்புகள் வட்டில் எங்கெங்கே உள்ளன என்னும் விவரமும் நினைவகத்தோடு சேர்ந்து உறைந்துவிடுவதால், இடையில் வேறொரு இயங்குதளம் அதே பகுதியில் எழுதினால், விழித்தெழும் கணினி பழைய விவரத்தையே நம்பிப் புதிய கோப்புகளைச் சிதைத்துவிடக்கூடும்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ‘ஷட் டவுன்’ கட்டளையையே பாதி ஹைபர்னேட்டாக மாற்றிவிடுவதால், லினக்ஸையும் சேர்த்து நிறுவியிருப்போர் கணினி முழுமையாக அணைந்துவிட்டது என்று கருதி ஏமாற நேர்கிறது. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அவ்வசதியின் டிக் குறியை நீக்குவதே இதற்குத் தீர்வு. ‘ரீஸ்டார்ட்’ கட்டளைக்கு இச்சிக்கல் இல்லை.

லினக்ஸ் ஓய்விலிருந்து விழித்தெழாமல் திரை கறுத்தே நின்றால், அதன் மையப் பகுதியான கெர்னலின் பிஎம்-டெஸ்ட் வசதி, செயல்முறைகளை உறையவைத்தல், சாதனங்களை நிறுத்துதல் என ஒவ்வொரு கட்டமாகச் சோதித்து, பழுதான டிரைவர் எந்தக் கட்டத்தில் தடுக்கிறது என்று காட்ட உதவும். அச்சோதனைக்கு முன் தரவுகளைப் பிரதி எடுத்துவைப்பது கட்டாயம் என்பதைப் பயனர்கள் மறந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்